சுண்ணாம்புச் சேலை

10 டிசம்பர் 1982, மேலூர் பக்கம்
மாதா கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் வேனை நிறுத்தி மூன்று நாளாகிறது. கட்டில், ஸ்டவ், தண்ணீர் டிரம் எல்லாம் என்னோடு வருகின்றன. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சருக்கு வேறென்ன வேண்டும்? பழங்காநத்தத்தில் இருக்கும் மகன் இன்பசேகரனுக்குத்தான் பொறுக்கவில்லை. "அறுபத்திமூணு வயசுல வண்டி ஓட்டிக்கிட்டு ஊர் ஊராத் திரியணுமாம்மா? மறதி வேற வந்துருச்சு" என்கிறான். எனக்கா மறதி? பழைய பிள்ளைகளின் மார்க்கைக்கூடப் பார்க்காமல் சொல்வேன்.
வேனில் எலி புகுந்துவிட்டது. போர்வையைக் கடித்து வைத்திருக்கிறது.

13 டிசம்பர்
தகரப்பெட்டியைக் காணோம். வேனின் ஆர்.சி. புத்தகம் அதில்தான் இருக்கிறது. 20-ஆம் தேதி மதுரையில் எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கு, வண்டியைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஓட்டக் கூடாது. இன்பசேகரன் வண்டியை விற்றுவிட்டு என்னைப் பின்னறையில் உட்கார வைத்துவிடுவான்.
நேற்று என்னைப் பார்க்க வந்த இன்பசேகரன் வேனுக்குள் தனியாக இருந்தானே — அவன் எடுத்திருப்பானோ? பெற்ற பிள்ளையையே சந்தேகப்படுகிறேன்.

14 டிசம்பர்
எதிரே இட்லிக் கடை போட்டிருக்கும் சீனியம்மாள் பார்த்திருக்கிறாள். முதலில் மென்று விழுங்கினாள். பிறகுதான் சொன்னாள்: "சுண்ணாம்புச் சேலை ஒண்ணு பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்குள்ள போச்சு டீச்சரம்மா. முதுகுதான் தெரிஞ்சுச்சு."
கிறிஸ்துமஸுக்காகக் கோயிலில் வெள்ளையடிப்பவள் முனியாயி. சேலை முழுக்கச் சுண்ணாம்பு. போதாதா?

15 டிசம்பர்
கேட்டேவிட்டேன். கத்தினேன் என்றுதான் எழுத வேண்டும்.
"ஒங்க பெட்டிய வச்சு நான் என்னா செய்யப்போறேன்? எனக்கு எழுத்தே தெரியாது" என்றாள் முனியாயி. கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். சுண்ணாம்பு மட்டையைக் கழுவிக் காயவைத்துவிட்டுப் போனாள். திருடினவள் இவ்வளவு நிதானமாகக் கழுவுவாளா?

16 டிசம்பர்
பெட்டி கிடைக்கவில்லை.

18 டிசம்பர்
சளி. சீனியம்மாளிடம் ரசம் கேட்டேன். "குடிங்க டீச்சரம்மா, சுண்ணாம்புப் பூண்டு நாலு பல்லு தட்டிப் போட்டுருக்கேன்."
அதென்ன பூண்டு என்றேன். வெட்கப்பட்டாள். "எங்க வீட்டு ஆளு பேரு அதுல வருதுல்ல? வாயால சொல்லுவனா?"
கடைக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்த அவள் புருஷனை யாரோ "வெள்ளைச்சாமி அண்ணே" என்று கூப்பிட்டார்கள்.
டம்ளரைக் கீழே வைத்தேன். வெள்ளைப்பூண்டு. அப்படியானால் அது வெள்ளைச் சேலை. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து பதினொரு வருடமாக நான் கட்டுவது — குனிந்து என்னையே பார்த்தேன்.
"நீங்கதான்னு நெனச்சேன். ஆனா நீங்களே தேடுறீகளே, அதான் அதுக்கு மேல எதும் சொல்லாம விட்டுட்டேன்" என்றாள்.
கோயில் அலமாரியில், மெழுகுவர்த்திக் கட்டுகளுக்குப் பின்னால் இருந்தது பெட்டி. எலிக்குப் பயந்து நான்தான் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். வைத்த நினைவு இப்போதும் வரவில்லை. பயமாக இருக்கிறது.

19 டிசம்பர்
பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிறகு முனியாயி வீட்டுக்குப் போனேன். "நான் தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிரு" என்றேன். "சரி" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. நாளை அவள் வேலைக்கு வரலாமென்று உபதேசியார் ஆள் அனுப்பியிருக்கிறார்.

20 டிசம்பர், பழங்காநத்தம்
எஃப்.சி.க்குப் போகவில்லை. இனி எதை எங்கே வைத்தாலும் இதில் எழுத வேண்டும்.
ஆர்.சி. புத்தகம்: பீரோ, மேல்தட்டு.
மூக்குக்கண்ணாடி: தலையணைக்கு அடியில்.
வேன் சாவி: இன்பசேகரன் கையில். நானேதான் கொடுத்தேன். அவன் எடுக்கவில்லை.