ஒற்றை ஓட்டு

ஜூன் 4, புதன்

காலையிலிருந்து மூன்று பேருக்குப் புருவம், ஒருத்திக்கு முடிவெட்டு. மருந்துக்கடைக்காரர் மனைவிக்கு ஒரு புருவம் முடித்து மறுபக்கம் நூலை வைக்கும்போது துள்ளி எழுந்துவிட்டாள். டிவியில் இடைத்தேர்தல் தேதி சொல்கிறார்களாம். ஜூலை ஆறு.

"நம்ம எம்.பி. போய்ச் சேர்ந்து எட்டு மாசமாச்சு. இப்பத்தான் நாற்காலி காலியா இருக்குன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" என்றாள்.

அவர் உயிரோடு இருந்தபோதும் அது காலியாகத்தான் இருந்தது என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் நூல் அறுந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் தெருமுனைச் சுவர்களுக்கு வெள்ளையடித்து இடம் பிடித்துவிட்டார்கள். செத்தவரின் மகன் நிற்கிறானாம். காலேஜ் முதலாளி ஒருவர் நிற்கிறார். ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் சுயேச்சையாம்.

ஜூன் 8, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் தெருச் சங்கக் கூட்டம். வீட்டுக்கு ஒருத்தர் வரவேண்டும் என்பது விதி. புருஷன் வேண்டாமென்று வந்து பத்து வருஷமாயிற்று, என் வீட்டில் ஒருத்தர் என்றால் அது நான்தான். எல்லா வீட்டிலிருந்தும் ஆம்பளைகள், நடுவில் நான்.

சங்கத் தலைவன் என் அண்ணன். குழாயும் சிமென்டும் விற்கிறான். பேச ஆரம்பித்தால் எளிதில் நிறுத்தமாட்டான், ஆனால் இன்று பேசியதில் தப்பில்லை. தரைப்பாலம் ஒரு மழைக்கு முழுகிப் போகிறது. டெய்லரின் மகள் வலியோடு இந்தக் கரையிலேயே மாட்டிக்கொண்டு ஆட்டோவில்தான் பெற்றாள். நாலு தேர்தலாகப் பாலம் வருகிறது, வாய்ப்பேச்சில். "இந்தத் தடவை நம்ம சாவடியில ஒரு ஓட்டுகூட விழக்கூடாது. அப்பத்தான் திரும்பிப் பார்ப்பாங்க" என்றான். ஒரே கைதட்டல்.

"யாருக்காவது மறுப்பு இருக்கா?"

நான் கையைத் தூக்கினேன். ஓட்டுப் போடாமல் விட்டால் அவர்களுக்கென்ன நஷ்டம், நம்மை மறப்பது இன்னும் சுலபமாகப் போகும். இதைச் சொல்லத்தான் தூக்கினேன். அண்ணன் என்னைப் பார்த்தான். நேராகப் பார்த்தான். பிறகு என் தலைக்கு மேலே பார்த்து, "யாரும் இல்ல. நல்லது" என்றான்.

கையை நான் இறக்கவில்லை. டெய்லர்தான் மெல்ல, "இறக்கும்மா, தோள் வலிக்கப் போகுது" என்றார்.

ஜூன் 9, திங்கள்

குழாயடிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. 'தேர்தல் புறக்கணிப்புத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.'

ஒருமனதாக!

நேரே அண்ணன் கடைக்குப் போனேன்.

"அண்ணே, நான் கை தூக்கினேனா இல்லையா?"

"தூக்கின."

"அப்புறம் எப்படி ஒருமனசாச்சு?"

"நீ நம்ம வீட்டுப் பொண்ணு. உன்னை மறுப்புன்னு எழுதினா தலைவன் வீட்டுலயே ரெண்டு கட்சின்னு பேசுவாங்க. உன் நல்லதுக்குத்தான்மா."

"என் நல்லதுக்கா, உன் தலைவர் பதவிக்கா?"

குழாய் வாங்க வந்தவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

ஆத்திரம் ஆத்திரமா வருது. நான் என்ன மனுஷியா, செவுத்துல அடிச்ச ஆணியா? பாலம் எனக்கும்தான் வேணும். என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் அந்தக் கரை. மழை வந்தா கடையைத் திறந்து வச்சுக்கிட்டு நான்தான் ஈ ஓட்டுறேன். தோத்துப் போயிருந்தா ஒண்ணுமில்ல. முப்பத்தெட்டு பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தோத்தேன்னு எழுதியிருந்தா நானே அந்த நோட்டீசுக்குப் பசை தடவிக் கொடுத்திருப்பேன். எண்ணவே இல்லையே!

ஜூன் 10, செவ்வாய்

ஓட்டுப் போடப் போகிறேன். கை கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் விரலாவது தெரியட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

வேட்பாளர்கள் வந்தார்கள். தரைப்பாலத்தில் தெருவே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது, ஒரு சத்தமில்லை. பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. அதுதான் சங்கடம்.

காலேஜ் முதலாளி கார்க் கண்ணாடியைக்கூட இறக்காமல் திரும்பிவிட்டார். செத்தவரின் மகன் இறங்கி நின்று, "எங்கப்பா உங்களை ஏமாத்திட்டாரு. எனக்கும் தெரியும்" என்று அந்த முதுகுகளிடம் சொன்னான். நடிப்பாகத் தெரியவில்லை. நர்ஸம்மா நடந்தே வந்தார். என் கடையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். ஓட்டைப் பற்றிப் பேசவில்லை. டெய்லர் மகளின் குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 25, புதன்

மருந்துக்கடைக்காரர் மனைவியிடம் என் முடிவைச் சொல்லியிருந்தேன். அவளிடம் சொன்னால் தனியாகத் தண்டோரா போடவேண்டியதில்லை. மூன்று நாளாக நாற்காலியில் ஒரு தலையும் உட்காரவில்லை. கல்யாணப் பெண் ஒருத்தி நாள் குறித்து வைத்திருந்தாள், அவளும் வரவில்லை. கத்தரிக்கோலைத் துடைத்துத் துடைத்துத் தேய்ந்ததுதான் மிச்சம்.

அண்ணன் வந்தான். உட்காரவில்லை.

"புத்தி சொல்லத்தான் வந்தேன். தெருவே போடாதப்ப ஒத்த ஓட்டு விழுந்தா, எண்ணுற அன்னிக்கு அது யாருக்குன்னு தெரிஞ்சிடும். யாருக்கு விழுதோ அவன் காசுக்கு நீ வெலை போயிட்டேன்னுதான் பேசுவாங்க. அதுக்கப்புறம் இந்த ரூம்ல உன்னை வச்சிருக்க என்னால முடியாது. எல்லாரும் இப்பவே நெருக்குறாங்க."

இந்த அறை அவன் பெயரில் இருக்கிறது. கடைக்கென்று விட்டது அவன்தான், மறுக்கவில்லை. நிலைக்கண்ணாடி என்னுடையது, சுழல் நாற்காலி என்னுடையது, பத்து வருஷமாக நின்று நின்று வீங்கிய கால் என்னுடையது. சுவர் அவனுடையது.

"ரகசிய ஓட்டுன்னு சொல்றாங்களே அண்ணே, அது எனக்கு மட்டும் கிடையாதா?"

"எல்லாரோட சேர்ந்து இருந்தாத்தான் ரகசியம்" என்றான். அண்ணனுக்கும் சில நேரம் நல்ல வாக்கியம் வாய்த்துவிடுகிறது.

ஜூன் 26, வியாழன்

அண்ணி சாப்பாடு கொண்டுவந்தாள். பாத்திரத்தை வைத்தால் சத்தம் வந்துவிடுமோ என்று பயப்படுகிறவள். இந்த வீட்டுக்கு வாழ வந்து இருபத்திரண்டு வருஷத்தில் அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி நான் கேட்டதில்லை. தெருவில் வாயில்லாப் பூச்சி என்பார்கள்.

"ஒண்ணே ஒண்ணு விழுந்தா எப்படித் தெரியுமாம்?" என்று கேட்டாள்.

ஒவ்வொரு சாவடிக்கும் தனித்தனியாக எண்ணிச் சொல்வார்கள், அதனால்தான் என்று விளக்கினேன். "ஓ" என்றாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 5, சனி

பயமாகத்தான் இருக்கிறது. இல்லையென்று யாரிடம் சொல்லிக்கொள்ள? கண்ணாடியை எங்கே மாட்டுவேன்? நாற்பத்தாறு வயதில் வேறு தெருவில் போய், வாங்க அக்கா, முகத்துக்கு ஆவி பிடிக்கிறீங்களா என்று முதலிலிருந்து தொடங்கவா?

தொடங்கினால் போகிறது. அங்கேயும் பெண்களுக்குப் புருவம் இருக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

பள்ளிக்கூட வாசலில் இருபக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், கத்தியிருப்பேன். டெய்லர் தரையைப் பார்த்தார். அண்ணன் பேப்பர் படித்தான், தலைகீழாக இல்லை, சரியாகத்தான் பிடித்திருந்தான், ஆனால் பக்கம் திருப்பவே இல்லை.

உள்ளே அதிகாரிகள் என்னைக் கண்டதும் சம்பந்தி வந்ததுபோல எழுந்துவிட்டார்கள். "வாங்கம்மா, வாங்க! காலையிலேர்ந்து ஃபேனைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்." மை வைத்த அம்மாளிடம் இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்றேன். நகத்திலிருந்து மூட்டுவரை இழுத்துவிட்டார்.

யாருக்குப் போட்டேன் என்று இங்கேகூட எழுதமாட்டேன். ரகசியம் நாலு நாளாவது இருக்கட்டும்.

விரலைத் தூக்கிக்கொண்டே வெளியே வந்தேன். டிவிக்காரர் படம் பிடித்தார். "ஊரே புறக்கணித்த சாவடியில் ஒரே ஒரு வாக்கு" என்று மைக்கில் சொல்லிவிட்டு மதியமே கிளம்பிவிட்டார்.

ஓட்டு முடிய அரைமணி இருக்கும்போது பெரிய அதிகாரி ஒருவர் பேச்சுவார்த்தைக்கு வந்தாராம். நாற்காலிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லோரும் தரைப்பாலத்துக்கு ஓடினார்கள். நான் போகவில்லை. என்னை யார் கூப்பிட்டார்கள்?

ஜூலை 7, திங்கள்

ஒருத்தியும் வரவில்லை. அண்ணி மட்டும் சாப்பாட்டோடு வந்தாள். இடது ஆள்காட்டி விரலில் கட்டு. "காய் நறுக்குறப்ப பட்டுடுச்சு" என்றாள். மருந்து போட்டுவிடுகிறேன் என்றதற்கு அவசரமாகக் கையை இழுத்துக்கொண்டாள். என்னோடு ஒட்டி உறவாடினால் அண்ணன் திட்டுவானோ என்று பயம் போல. பாவம்.

ஜூலை 9, புதன்

"நாளைக்கு எண்ணிக்கை. சாவியை எடுத்து வச்சிரு" என்று அண்ணன் வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போனான்.

கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். அவன் கழற்றச் சொல்லி நான் கழற்றியதாக இருக்கக்கூடாது.

ஜூலை 10, வியாழன்

அண்ணன் கடை வாசலில் தெருவே நின்றது. நானும் போய் முன்னால் நின்றேன், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. எண்ணுமிடத்தில் இருந்த ஆளோடு அண்ணன் போனில் பேசினான். எல்லோருக்கும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரில் வேறு போட்டான்.

"உங்க சாவடி மொத்தம் ரெண்டுங்க."

"ஒண்ணுய்யா."

"ரெண்டுங்க. செத்தவர் மகனுக்கு ஒண்ணு, நர்ஸம்மாவுக்கு ஒண்ணு."

"சரியாப் பாருய்யா!"

"ரெண்டு ஓட்டுல என்னங்க சரியாப் பாக்கறது?"

ஜெயித்தது காலேஜ் முதலாளி, அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பார்த்தார்கள்.

"நீ யாருக்குப் போட்ட?" என்றான் அண்ணன்.

"ரெண்டுல ஒருத்தருக்கு" என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. காலையில் பள்ளிக்கூட வாசலில் விரல் பரிசோதனை. அண்ணன் தன் விரலை முதலில் காட்டினான், பிறகு வரிசை. மருந்துக்கடைக்காரருக்கு டானிக் கறை, அதற்கு ஒரு பெரிய விசாரணை. டெய்லர் இரண்டு கையையும் காட்டி, "கால் விரலும் பாக்கணுமா தலைவரே?" என்றார்.

ஒரு பெண்ணின் விரலைக்கூடப் பார்க்கவில்லை. யாருக்கும் தோன்றவே இல்லை.

மாலை அண்ணி வந்தாள். கையில் பாத்திரம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கும் புருவம் எடுத்து விடு" என்றாள். முதல் தடவை! கண்ணாடியைத் தூக்கி மறுபடி மாட்டினேன். நூலை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவள் விரல்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். காயம் இல்லை. நகத்தின் குறுக்கே கருப்புக் கோடு.

அழுதேன், எழுதுவதற்கென்ன, அழுதேன்.

"எல்லாரும் பாலத்துக்கு ஓடினாங்கல்ல, அப்பப் போனேன்."

"எனக்காகவா அண்ணி?"

"உனக்கென்ன, தனியாவே சமாளிப்ப. எனக்காகத்தான். என்னையும் அவர் ஒருமனசுலதானே சேத்து எழுதினாரு? கேட்டாரா?"

அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. தெருவில் யாருக்கும் என் ஓட்டு தெரியாது, அவள் ஓட்டும் தெரியாது. ஆனால் எனக்கு என்னுடையது தெரியும், ஆகவே அவளுடையது தெரியும். அவளுக்கும் அப்படியே. ஒரே நேரத்தில் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"போயும் போயும் அந்த ஆளுக்கா போட்டீங்க?" என்றேன்.

"நீ மட்டும் பெருசா ஒழுங்கா?" என்றாள்.

இரண்டாவது புருவம் முடிகிறவரை சண்டை. அவள் இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 20, ஞாயிறு

சங்கக் கூட்டம். அளவுநாடாவோடு என்ஜினீயர் வந்து பாலத்தை அளந்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணனின் புறக்கணிப்புக்கு அந்தப் பெருமை உண்டு, கொடுத்துவிடுகிறேன். புதிய எம்.பி.க்குப் பாராட்டு விழா எடுக்கவேண்டும் என்பதுதான் இன்றைய தீர்மானம்.

நான் போகும்போதே அண்ணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க இங்க?" என்றான் அண்ணன்.

"வீட்டுக்கு ஒருத்தர்தானே? நம்ம வீட்டுக்கு இன்னிக்கு நான்."

"தலைவரே, விதி நீங்க போட்டதுதான்" என்றார் டெய்லர். கடைசியில், தலைவர் கூட்டத்தை நடத்தலாம், அவர் வீட்டுக் கை அண்ணியுடையது என்று முடிவானது.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "யாருக்காவது மறுப்பு இருக்கா?"

பாலத்தைக் கட்டட்டும், அப்புறம் மாலை போடலாம் என்று கையைத் தூக்கினேன். முன்வரிசையிலும் ஒரு கை எழுந்தது. இடது கை. கட்டு இல்லை. மை இன்னும் போகவில்லை.

அண்ணன் அந்த விரலை ரொம்ப நேரம் பார்த்தான். யார் தலைக்கு மேலேயும் பார்க்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

குழாயடிச் சுவரில் புது நோட்டீஸ். 'ஆதரவு முப்பத்தேழு. மறுப்பு இரண்டு.' கையெழுத்து அண்ணனுடையது. தோற்றுவிட்டோம். நின்று இரண்டு தடவை படித்துவிட்டு, கடையைத் திறக்கப் போனேன்.