அதே குரலில்

க்ளென்,

என் நாவல் அச்சுக்குப் போய்விட்டது. நம் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க உன் தங்கை டீனாவிடம் போயிருந்தேன், அவள் சொன்னாள். நாவலில் ஹீரோ நீதான் என்று ஆஃபீஸ் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாயாம். எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதி வாங்கித் தரப்போகிறாயாம். தாராளமாகக் கொடு.

முதலில் எழுதியபோது ஹீரோ நீதான். வைட்ஃபீல்ட் மெட்ரோ வாசலில் மழையில் குடையோடு காத்து நின்றது, எனக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்தது எல்லாம் நீ செய்தவை. நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றையெல்லாம் பிடுங்கி, கதையில் வரும் மாடிவீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு நன்றாகவே பொருந்துகின்றன.

ஒரே ஒரு காட்சியில் உன்னை விட்டுவைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் விருந்தில் என் லேப்டாப்பைத் திறந்து, நான் யாருக்கும் காட்டாத காதல் அத்தியாயத்தை உன் ஆஃபீஸ்காரர்களுக்கு மூக்கால் இழுத்து இழுத்து வாசித்தாயே, அந்தக் காட்சி. பிரியாணிக் கரண்டியும் கையுமாக நானும் சிரித்துவைத்தேன். எல்லாரும் போனதும், "சும்மா ஜாலிக்குடீ. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிறியே" என்றாய். அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். உன் பெயரைக்கூட மாற்றவில்லை.

புத்தகம் வந்ததும் அந்தப் பக்கத்தை ஆஃபீஸில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. அதே குரலில்.

இப்படிக்கு,
எழுதியவள்