சூப்பில் ஒரு கரண்டி மைதா

அண்ணா,

பாப்பாவுக்கும் என்னைப் போலவே சீலியாக் நோய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கோதுமை ஆகாத குடல் ஒன்று உலகத்தில் உண்டு என்பது பேக்கரி முதலாளியான உங்கள் மண்டையில் ஏற ஆறு வருஷமும் ஒரு மகளும் தேவைப்பட்டிருக்கிறது.

என்ன கொடுக்கலாம் என்று கேட்கிறீர்கள். அரிசி, சோளம், கிழங்கு, முட்டை எல்லாம் கொடுங்கள். அவளுக்கென்று தனி வாணலி வையுங்கள். மாவு அப்பிய சட்டையோடு அவளைத் தூக்காதீர்கள். "துளியூண்டுதானே" என்ற பேச்சைத் தலைமுழுகிவிடுங்கள். கடைச் சாஸிலும் மைதா ஒளிந்திருக்கும். ஒளித்துப் போடுவதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை.

என் பிறந்தநாள் விருந்தில் நான் சூப்பைக் குடித்து முடித்ததும் எழுந்து நின்றீர்களே! "பாத்தீங்களா? இவளுக்குத் தெரியாம ஒரு கரண்டி மைதா கலந்தேன். ஒண்ணும் ஆகல. எல்லாம் மனப்பிராந்தி!" அண்ணிகூடச் சிரித்தார். உங்கள் ஆராய்ச்சி அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. என் பாடு ஒன்பது நாள் நீண்டது. அதற்குக் கழிவறைக் கதவு மட்டும்தான் சாட்சி. உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் நடிப்பு என்பீர்கள்.

பாப்பாவுக்கு எட்டு வயது. அப்பா கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவாள். அவள் நன்றாகத் தேறி ஓடியாடும்போது உங்களுக்கு நிச்சயம் ஒரு சந்தேகம் வரும். அன்றைக்கு அந்தச் சூப்புக் கிண்ணத்தை அவளிடம் நீட்டாதீர்கள். என்னிடம் கொண்டு வாருங்கள், நானே குடிக்கிறேன். எனக்குப் பழக்கம்தான்.

இப்படிக்கு,
மனப்பிராந்திக்காரி