மூன்றாம் மாடித் திருப்பம்

மே 10

நர்ஸ் மேரி அக்காவுக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். பிரசவ வார்டிலிருந்து டாக்டரை அழைக்கத் தாமதித்தாளாம். அழைத்தாள்! பேசிக்கொண்டே லிஃப்ட் பக்கம் ஓடியிருக்கிறாள், பாதிப் பேச்சில் லைன் அறுந்துபோயிற்று. தாயும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இன்னொரு மெமோ வந்தால் அக்காவுக்கு வேலை போய்விடும்.

"ஃபோனப் புடிச்சிக்கினுதான் ஓடனேன் நஸ்னீன். நான் பொய் சொல்றேனாமா?"

நர்ஸுகளின் ஃபோனெல்லாம் ஆஸ்பத்திரி வைஃபையில் ஓடுகின்றன. வைஃபை என் பொறுப்பு. சென்ற வாரம்தான் மாடிக்கு மாடி உள்கூரையில் வைஃபை தரும் பெட்டிகள், அந்த ஆக்சஸ் பாயிண்டுகள் அத்தனையிலும் புது ஃபர்ம்வேர், அதாவது பெட்டியை இயக்கும் மென்பொருள், ஏற்றினார்கள். முதலில் ஒன்றில் மட்டும் ஏற்றிப் பார்ப்போம் என்றேன். யார் கேட்டார்கள்?

மே 11

அக்காவின் ஃபோனை வாங்கி நானே பேசிக்கொண்டு நடந்தேன். வார்டில் தெளிவாகக் கேட்டது. மூன்றாம் மாடித் திருப்பத்தில், ஃபோன் ஒரு பாயிண்டை விட்டு அடுத்ததைப் பிடிக்கிற இடத்தில், கட். திரும்ப நடந்தேன். கட். செக்யூரிட்டி அண்ணன், "இன்னாமா, எதுனா தொலச்சிட்டியா?" என்றார்.

மே 13

ஃபர்ம்வேர் கம்பெனி விக்ரமிடம் பேசினேன். "உங்க பில்டிங் சுவர் தடிப்பு மேடம், அதான்." போன மாசம் சுவர் மெலிசா இருந்துச்சா? எரிச்சலாக வந்தது. பழைய ஃபர்ம்வேரை அவர்கள் வெப்சைட்டிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அடுத்த வாரம் இன்னொரு புதுசு அனுப்பி எல்லாவற்றிலும் ஏற்றுவார்களாம்.

இந்தப் பெட்டிகளில் ஃபர்ம்வேருக்கு இரண்டு இடம். ஒன்றில் புதுசு ஓடும், மற்றதில் பழசு சும்மா கிடக்கும். இன்னொன்று ஏற்றினால் அந்தப் பழசின் மேல்தான் எழுதும். அப்புறம் திரும்பிப் போக வழியில்லை, அக்கா சொன்னதை நிரூபிக்கவும் வழியில்லை. விடமாட்டேன்.

மே 15

நிர்வாகி சிவராஜ் சாரிடம் கேட்டேன் — திருப்பத்தின் இரு பக்கமும் இருக்கிற இரண்டு பாயிண்டை மட்டும் பழசுக்கு மாற்றிக் காட்டுகிறேன் என்று.

"கோயில்ல கருட சேவை வருதுமா. ஊரே கூடும், கேஸ் மேல கேஸ் வரும். இப்ப போய் எதையும் நோண்டாத."

"அதனாலதான் சார் கேக்கறேன்!" சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மே 16

அக்கா வேலை போவப் போவுது, நான் இங்க உக்காந்து டீ குடிச்சிக்கினு இருக்கேன். சே!

மே 17

காலையில் சார் கையில் அக்காவின் ஃபோனையே கொடுத்தேன். "என்கூட பேசிக்கினே லிஃப்ட் வரைக்கும் வாங்க சார். அவ்ளோதான்."

முறைத்துக்கொண்டே நடந்தார். திருப்பத்தில் "ஹலோ, ஹலோ" என்று நின்றார். ஃபோனை உதறிப் பார்த்தார். "பேட்டரியா?" இல்லை என்றேன். மறுபடி நடந்தார். அதே இடம்.

"ரெண்டுதானே? மாத்து."

மாற்றினேன். இரண்டும் அணைந்தன. திரும்ப எழும்பும்வரை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன் — எழும்பாவிட்டால்? பச்சை விளக்கு வந்தது. சார் லிஃப்ட் வரை பேசிக்கொண்டே போய்த் திரும்பினார். கட் ஆகவில்லை. விக்ரமை அவரே கூப்பிட்டு, "உங்க புதுசு எதுவும் இங்க ஏறக் கூடாது" என்றார்.

அக்காவின் மெமோ வாபஸா என்று கேட்டேன். "பாக்கலாம்மா." பார்க்கலாமாம்! நாளைக்கும் கேட்பேன்.

மே 20

எல்லா மாடியும் பழசுக்கு மாற்றியாயிற்று. மெமோவை இன்றும் கேட்டேன். "உயிர வாங்காதம்மா" என்றார். வாங்குவேன்.

மே 21

மெமோ வாபஸ். அக்காவிடம் ஒரு சாரி கூடச் சொல்லவில்லை மனுஷன்.

மே 22

கருட சேவை. விடியும் முன்பே ஊர் நிரம்பிவிட்டது. கூட்டத்தில் வலி கண்ட ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மேசையில் என் ஃபோன் அடித்தது. மேரி அக்கா. மூச்சு வாங்கியது, பின்னால் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தின் சத்தம்.

"டாக்டர் வந்துக்கினு இருக்காரும்மா, சொல்லிட்டேன். இப்ப திருப்பத்துலதான் போய்க்கினு இருக்கேன். கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"இப்ப?"

"கேக்குது. நீ ஓடுக்கா."