உம்மாவை இறக்கிவிட்ட குடா

என் அன்புள்ள வாப்பாவுக்கு,

உங்கள் கபுறை அல்லாஹ் விசாலமாக்கட்டும். முதல் மழையில் மண் கொஞ்சம் இறங்கியது. ஆளை வைத்து மேடு கட்டிவிட்டோம். கடையை உங்கள் மருமகன் பார்க்கிறார். பொத்துவிலுக்குத் தெற்கே இப்போது யாரும் போவதில்லை. சண்டை நடக்கிற காலம். உம்மா இத்தாவின் நாலு மாதம் பத்து நாளும் வீட்டுக்குள் இருந்து முடித்து வெளியே வந்துவிட்டார். நாள் முழுக்கக் கதைக்கிறார். நீங்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் எழும்பிய அந்தக் குரல், இப்போது தெருவரை கேட்கிறது.

அந்தப் பயணத்தைப் பற்றி நாம் ஒருநாளும் கதைக்கவில்லை, இல்லையா?

சூறாவளிக்கு அடுத்த வருடம், கரைதட்டிக் கிடந்த ஒரு பாய்ப்படகை வாங்கித் திருத்தினீர்கள். கல்முனைப் புடவைக்கடைக்காரருக்கு எதற்குப் படகு என்று ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து உம்மாவின் தலையில் இறக்கினீர்கள்.

பெரியநீலாவணைத் தம்பிமுத்து அண்ணன் சுக்கான் பிடிக்க, நாம் மூவரும் தெற்கே போனோம். நான் சின்னப்பிள்ளை. வாடைக்காற்று பாயை நிறைத்துத் தள்ளியது. உம்மா ஓங்காளித்துக்கொண்டே வந்தார். "மீனுக்குச் சோறு போடுறா," என்று சிரித்தீர்கள்.

மறுநாள், காட்டுக்குள் புகுந்து கிடந்த அந்தக் குடாவில் நங்கூரம் போட்டோம். தம்பிமுத்து அண்ணனைப் படகில் விட்டுவிட்டுச் சிறு தோணியில் கரைக்குப் போனோம். கண்டல் வேர்களுக்கிடையே ஓர் ஓடை வந்து விழுந்தது. மேலே கிளைகளில் மயில்கள் வால் தொங்க இருந்தன. மணலில் யானைச்சாணம், இன்னும் ஈரமாக. உம்மா பயப்படவில்லை. முக்காட்டை இறக்கி, ஓடைத் தண்ணீரில் முகம் கழுவினார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதேயில்லை.

"இஞ்சயே இரிந்திரலாம் போல இரிக்கி," என்றார்.

"அப்ப இரி."

என்னைத் தூக்கித் தோணியில் போட்டு, தள்ளிக்கொண்டு நீங்களும் ஏறினீர்கள். உம்மா முதலில் விளையாட்டென்று நினைத்துக் கை தட்டினார். படகில் பாய் விரிந்ததும் கத்தத் தொடங்கினார்.

"முதலாளி, இது வேணாம்," என்றார் தம்பிமுத்து அண்ணன். "தரைக்காத்து எழும்பினா நம்மளால திரும்பி உள்ள வரேலா."

"கொஞ்சம் கத்தட்டும். பிறகு திரும்புவம்."

முனையைத் தாண்டியதும் காற்று மாறியது. பாய் கிழிந்தது. எவ்வளவு முயன்றும் கடல் எங்களை வெளியேதான் இழுத்தது. நான் அழுதேன். நீங்கள் பிஸ்கட் தந்தீர்கள்.

இரவெல்லாம் அலைந்து, காற்று அடங்கியபின் காலையில்தான் குடாவுக்குள் வர முடிந்தது. யானைகள் கரைக்கு வந்ததால் உம்மா கடலுக்குள் இறங்கியிருந்தார். இடுப்பளவு தண்ணீரில் ஒரு வேரைப் பிடித்தபடி நின்றார். பாதமெல்லாம் மட்டி ஓடு கிழித்த காயம். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது.

"என்ன புள்ள, குடியிருப்பு எப்பிடி?" என்று கேட்டீர்கள்.

தம்பிமுத்து அண்ணன்தான் அவரைத் தூக்கி ஏற்றினார். ஊர் வந்ததும் இறங்கிப் போனார். பிறகு உங்கள் படகில் அவர் ஏறவேயில்லை.

நீங்கள் அதை அக்கரைப்பற்று வியாபாரிகளுக்கெல்லாம் பகிடியாகச் சொன்னீர்கள். "என்ட பொண்டாட்டி யானையோட குடும்பம் நடத்தினவ." அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்க, தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தது உம்மாதான். குரல் திரும்பியபின் எல்லோரோடும் கதைத்தார், உங்களைத் தவிர. "நல்லது, வாய் அடைச்சிற்று," என்று முதலில் அதற்கும் சிரித்தீர்கள். பிறகு குசினி வாசலில் வந்து சும்மா நிற்கத் தொடங்கினீர்கள். எதைக் கேட்க நின்றீர்கள், வாப்பா?

கடைசி நாளில், "நான் செஞ்சதையெல்லாம் பொறுத்து ஹலாலாக்கிப் போடு புள்ள," என்று கெஞ்சினீர்கள். உம்மா கரண்டியால் உங்கள் வாயில் தண்ணீர் விட்டார். "ஒரு சொல்லுதானே, செல்லுங்க மச்சி," என்று உங்கள் தங்கச்சி, என் மாமி, அழுதார்.

உம்மா உங்களைப் பார்க்கவில்லை. மாமியிடம்தான் சொன்னார். "நான் கத்தினது இவருக்குக் கேட்டிச்சி. கேட்டுத்தான் சிரிச்சாரு."

உங்கள் கண் திறந்தபடி இருந்தது. அது உங்களுக்கும் கேட்டதா?

"வாப்பாட கபுறுக்காக உம்மாட்ட ஒருக்காக் கேளு மகள்," என்று மாமி இன்றும் வந்து என்னை நெருக்குகிறார். உங்களுக்காக யாசீன் ஓதுகிறேன். உங்கள் பெயரில் ஏழைகளுக்குச் சோறு கொடுக்கிறேன், இனியும் கொடுப்பேன். ஆனால் அந்த ஒரு சொல்லை வாங்க உம்மாவின் முன்னால் போய் நிற்கமாட்டேன். வேறு யாரையும் நிற்க விடவும் மாட்டேன். வல்லாஹி, இது சத்தியம்.

இப்படிக்கு,
அன்று உங்கள் மடியிலிருந்து உம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த
உங்கள் ஒரே மகள்