பத்திரிகையில் வந்த மஞ்சள் கவுன்

மே 3, சனி

அடுத்த சனிக்கிழமை இசை விழா. ஊருக்கு வெளியே பெரிய புல்வெளி, மூன்று மேடை. என் அறைத்தோழி நெட்டை டிக்கெட் எடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பேன் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. நரம்பைத் தடவிக் கண்டுபிடிக்கிற மாதிரி என் பயத்தையும் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். ஒரே அறையில் பதினான்கு மாதம் இருந்தால் இப்படித்தான்.

கவுன் முடிந்தது. நான் வேலை செய்கிற தையல் கடையில் மிஞ்சிய மஞ்சள் துணி. சதுரக் கழுத்து, கை இல்லை, இடுப்பில் கொஞ்சம் பிடித்து, கீழே நல்ல விரிவு. இரண்டு பக்கமும் பாக்கெட், மணிக்கட்டு வரை கை போகும். போட்டுப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

மே 6, செவ்வாய்

கறுப்பில் ஒன்று போட்டுப் போகலாமா? கூட்டத்தில் மஞ்சள் தூரத்திலிருந்தே தெரியும்.

மே 10, சனி

போனோம். மஞ்சள்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவில்லை. அங்கே போனதும் எப்போதும் போல முதலில் வெளியே போகிற வழி எது என்று பார்த்தேன். நெட்டை சிரித்தாள். "நீ பாட்டு கேக்க வந்தியா, கட்டடத்துக்குக் காவல் பாக்க வந்தியா? இங்க கட்டடமே இல்லடி."

மதியம் வரை தோள் இறங்கவில்லை. ஒவ்வொரு ஆணின் பின்கழுத்தும் அவன் கழுத்து மாதிரி இருந்தது. பிறகு மேளக்காரர்கள் வந்தார்கள், ஒன்பது பேர். எப்போது எழுந்தேன், எப்போது செருப்பைக் கழற்றினேன், தெரியாது. ஆடினேன். நான்! கவுன் சுழன்று சுழன்று என் காலையே மறைத்தது.

ஒரு பெண் கேமராவோடு வந்து, "ஒரு படம் எடுத்துக்கவா? டிரெஸ் அவ்வளவு அழகா இருக்கு" என்றாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

தோள் இரண்டும் வெயிலில் எரிகிறது. சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடும்.

மே 12, திங்கள்

 எழுத்து கோணுகிறது.

காலையில் ஒரு வாடிக்கையாளர் நேற்றைய பத்திரிகையின் ஞாயிறு இணைப்போடு கடைக்கு வந்தார். "இது நீதானேம்மா?" நடுப்பக்கம், கால் பக்க அளவில் நான். தலை சாய்ந்து, வாய் திறந்து, கவுன் குடை மாதிரி விரிந்து. கீழே இரண்டு வரி. விழாவின் மிக அழகான உடை, அணிந்தவரே தைத்தது என்று போட்டு, நான் வேலை செய்கிற ஆல்ட்ரேஷன் கடையின் பெயர், எந்தத் தெரு என்பது வரை இருந்தது.

வேண்டாம் என்று சொல்லும் முன்பே எடுத்துவிட்டாள். சரி. கடைப் பெயரை யார் சொன்னது?

நெட்டைதான். நான் தண்ணீர் வாங்கப் போயிருந்தபோது அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். இவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். "உனக்கு நல்லது நடக்கட்டும்னுதான்டி" என்று அழுதாள். நான் என்னென்னவோ கத்தினேன். எதுக்குச் சொன்ன, யாரைக் கேட்டுச் சொன்ன, அவன் பாத்தா என்ன பண்ணுவான்னு தெரியுமா உனக்கு— தெரியாது. நான்தான் அவளிடம் முழுசாகச் சொன்னதே இல்லையே. 'ஒத்துவரல, பிரிஞ்சிட்டோம்' என்று மட்டும்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

மே 13, செவ்வாய்

நெட்டையிடம் சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

அவன் சத்தம் போட்டதே இல்லை. போட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காவது கேட்டிருக்கும். கல்யாணமான முதல் மாதம், நான் தைத்த கவுனைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "பாக்கெட் எதுக்கு? என்ன ஒளிச்சு வைக்கப் போற?" பிறகு நிறம். பிறகு கழுத்து. காலையில் எதைப் போட வேண்டும் என்று கட்டிலில் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவான். எல்லாம் சாம்பல், எல்லாம் முழுக்கை. இரண்டாவது கோடையில் தங்கச்சியோடு ஒரு பூங்காவுக்குப் போய்விட்டு வந்தேன், அவனிடம் கேட்காமல். வந்து பார்த்தால் அலமாரியில் இருந்த என் துணி எல்லாம் அழகாக மடித்து வைத்திருந்தது. எடுத்தால் இரண்டு துண்டு. ஒவ்வொன்றும். கோடு போட்ட மாதிரி நேராக வெட்டியிருந்தான். "அடுத்த தடவ துணியோட நிக்காது" என்றான். சாப்பாட்டு மேஜையில், உப்பு கேட்கிற குரலில்.

 நெட்டை எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள். ஒரு ஸ்க்ரூ லூஸ்.

மே 15, வியாழன்

கடைக்கு இன்று ஏழு போன். ஆறு பேர் மஞ்சள் கவுன் வேண்டும் என்றார்கள். கடைக்கார அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "உன் புண்ணியத்துல கடையே கல்யாண வீடாட்டம் இருக்கு" என்கிறாள்.

ஏழாவது போனில் யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும். ராங் நம்பராக இருக்கலாம். இருக்கலாம்தானே?

மே 19, திங்கள்

தங்கச்சி போன். "அக்கா, கோவிச்சுக்காத. அவரு வீட்டுக்கு வந்தாரு. பேப்பரைக் கொண்டுவந்து அம்மாகிட்ட காட்டினாரு."

அம்மா என்ன சொன்னாள்?

"அம்மா... ஆமா, அங்கதான் இருக்கா, நல்லா இருக்கான்னு சொல்லிட்டாங்க. நீ தங்கியிருக்கிற தெருவையும்."

போனை அம்மா வாங்கினாள். "அழுதாருடி. ஆம்பள அழுது நான் பாத்ததே இல்ல. குடிக்கிறாரா? வேற பொம்பள சகவாசம் இருக்கா? துணியத்தானே வெட்டினாரு. ஒரு தடவ பேசிப் பாரேன்."

நான் போனை வைத்துவிட்டேன். அம்மாவின் போனை நான் வைத்தது இதுதான் முதல் தடவை. அப்போ ஏழாவது போன் ராங் நம்பர் இல்லை.

மே 21, புதன்

கடைக்கார அக்காவிடமும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவள் கடையை மதியம் வரை பூட்டிவிட்டு என்னைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போனாள்.

அங்கே ஒரு பெண் அதிகாரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நான் சொன்னதை எல்லாம் கையாலேயே எழுதினாள். "இங்க வந்து அவர் இன்னும் எதுவும் பண்ணலையேம்மா. மிரட்டினதுக்குச் சாட்சி ஏதாவது இருக்கா?"

வெட்டின துணி? குப்பைக்குப் போய்விட்டது. சொன்ன வார்த்தை? சாப்பாட்டு மேஜைக்குத்தான் தெரியும்.

நாங்கள் கிளம்பும்போது ஒரு சீட்டில் தன் நேரடி நம்பரை எழுதிக் கொடுத்தாள். "வந்தான்னா உடனே கூப்பிடு. கூப்பிடலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு நிக்காத." அவர் என்று பேச ஆரம்பித்தவள் கடைசியில் அவன் என்றுதான் சொன்னாள். அதுவே ஒரு தைரியம்.

மே 24, சனி

நெட்டையின் ஆஸ்பத்திரித் தோழிகளோடு ஏரிக்குப் போகிற திட்டம். எல்லோரும் படகு எடுக்கப் போனார்கள். நான் போகவில்லை. ஜன்னல் திரையைக்கூட விலக்கவில்லை. நெட்டையும் போகவில்லை. தரையில் உட்கார்ந்து இருவரும் தர்பூசணி சாப்பிட்டோம். கொளுத்துகிற வெயில் நாளில் மூடிய அறை அடுப்பு மாதிரி இருந்தது. நான் சொன்னேன், "உன் கோடையையும் கெடுக்கிறேன்." அவள், "ஆமா, படகுல ஏறினா எனக்கு வாந்திதான் வரும். நல்லதாப் போச்சு."

பொய். அவளுக்குப் படகென்றால் உயிர்.

மே 27, செவ்வாய்

வந்துவிட்டான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். விட்டால் நாளைக்கே 'அவ்வளவு மோசமில்லை' என்று மாற்றிக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

காலை பதினொன்றரை. பக்கத்துத் தெரு பேக்கரிக்காரம்மா நீலக் கவுன் போட்டு முக்காலியில் நின்றிருந்தாள். அடுத்த வாரம் மகன் கல்யாணம். நான் தரையில் மண்டியிட்டு ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். வாயில் ஐந்தாறு குண்டூசி. அப்போது வாசலில் அந்தக் குரல். "என் மனைவியக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

கத்த முடியவில்லை. வாய் நிறைய ஊசி. ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினேன். அதற்குள் அவன் அளவெடுக்கிற மூலையின் திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டான். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு பை, உள்ளே சாம்பல் நிறத் துணி மடிப்பு தெரிந்தது. "இளைச்சுட்ட. வா, போலாம்." என் மணிக்கட்டைப் பிடித்தான். மெதுவாகத்தான் பிடித்தான். பிறகு மெதுவாக இல்லை.

எனக்குக் கால் எழவில்லை. உடம்பு பழைய வீட்டுக்கே போய்விட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது— ஒரு நொடி, எழுந்து அவனோடு போய்விடலாம், இந்தப் பயமாவது முடியும் என்று தோன்றியது.

"தம்பி, கைய எடு." பேக்கரிக்காரம்மா.

"இது எங்க குடும்ப விஷயம்ங்க."

"இருக்கட்டும். எனக்குப் பாதி ஓரந்தான் ஆயிருக்கு. முடிக்காம இவ எங்கயும் வர மாட்டா." சொல்லிக்கொண்டே முக்காலியிலிருந்து இறங்கி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். தினமும் மாவு மூட்டை தூக்குகிற தோள். நடக்கும்போது ஓரத்தில் இருந்த ஊசி எல்லாம் அவள் காலில் குத்தியிருக்க வேண்டும். முகம் மாறவில்லை.

நான் "வர மாட்டேன்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "வர மாட்டேன். கைய விடு." இந்த முறை தெருவுக்கே கேட்டது.

அவன் சிரித்தான். அதே சாப்பாட்டு மேஜைக் குரல். "இவங்க எத்தன நாளைக்கு நடுவுல நிப்பாங்க? தனியாத்தானே வீட்டுக்கு நடந்து போவ. அன்னைக்கு வெட்டினது துணி. இனிமே துணியோட நிக்காது."

அப்போது கல்லாவுக்குப் பின்னாலிருந்து கடைக்கார அக்கா, "மேடம், கேட்டுச்சா? இப்ப சொன்னது கேட்டுச்சா?" என்றாள். கையில் ரிசீவர், அவன் பக்கமாக நீட்டியபடி. அவன் வாசலில் பேசிய முதல் வார்த்தையிலேயே, கல்லாவில் ஒட்டி வைத்திருந்த சீட்டைப் பார்த்து நம்பரைப் போட்டுவிட்டிருக்கிறாள். யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பதில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "நல்லாக் கேட்டுச்சு. அந்த ஆளை அங்கயே இருக்கச் சொல்லுங்க."

இருக்கவில்லை. கையை விட்டான், பையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே நடந்தான். ஓடக்கூட இல்லை. பஸ் நிலையத்தில் பிடித்தார்களாம்.

மே 28, புதன்

தூக்கமில்லை. பிடித்துவிட்டார்கள், சரி. விட்டுவிடுவார்களே?

மே 30, வெள்ளி

பேக்கரிக்காரம்மாவின் கவுனை முடித்துக் கொடுத்தேன். காலில் எத்தனை ஊசி குத்தியது என்று கேட்டேன். "எண்ணிக்கிட்டா நிப்பாங்க?" என்று வைதாள். பிறகு ஒரு முழு கேக்கைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

ஜூன் 2, திங்கள்

அம்மா வந்தாள். சொல்லாமல், ஒற்றைப் பையோடு. நான் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

என் கையைப் பார்த்தாள். நாலு விரல் தடம், இப்போது பச்சையும் மஞ்சளுமாக இருக்கிறது. தொட்டுப் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தையெல்லாம் மறுபடி தேய்த்தாள். அரை மணி நேரம். முதுகைக் காட்டிக்கொண்டேதான் பேசினாள்.

"உங்கப்பா ஒரு தடவ என் கைய ஒடிச்சாரு. நீ பொறக்கல அப்ப. எங்கம்மா வீட்டுக்குப் போனேன். பேசிப் பாருன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நானும் அதையே உனக்குச் சொல்லிட்டேன் பாரு."

இருபத்தாறு வருஷமாக மழைக்காலத்தில் அம்மா இடது கையை நீவிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வாதம் என்று நினைத்தேன்.

அழுதேன். அவள் மேல் கோபம் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூன் 11, புதன்

நீதிமன்றம். சின்ன அறை, மின்விசிறி ஓடவில்லை. பெண் அதிகாரி தான் போனில் கேட்டதைச் சொன்னாள், வார்த்தை மாறாமல். கடைக்கார அக்கா சொன்னாள். பேக்கரிக்காரம்மா கையில் மாவோடு வந்து சொன்னாள். அம்மா எழுந்து, "நான்தான் விலாசம் கொடுத்தேன். அது என் தப்பு. எழுதிக்கோங்க" என்றாள். யாரும் அவளைக் கேட்கவே இல்லை.

உத்தரவு போட்டார்கள்: என்னையோ, வீட்டையோ, கடையையோ அவன் நெருங்கக் கூடாது. மீறினால் சிறை. வழக்கு தனியாக நடக்கும். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் பார்த்தேன். எவ்வளவு நேரம்? மூன்று நொடி இருக்கும். பிறகு நான்தான் தலையைத் திருப்பினேன். ஆனால் குனியவில்லை.

காகிதம் காகிதம்தான். அது கதவை வந்து பிடித்துக்கொள்ளாது. தாழ்ப்பாள் ஸ்க்ரூவை நெட்டை முறுக்கிவிட்டாள்.

ஜூன் 16, திங்கள்

வேலைக்குப் போகும்போது பின்னால் செருப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். தபால்காரர். அவர் பயந்துவிட்டார், பாவம்.

ஜூன் 21, சனி

கடற்கரைக் கோடை விழாவுக்குப் போனோம். நான், நெட்டை, அம்மா, தங்கச்சி. போகலாமா வேண்டாமா என்று காலை எட்டு மணி வரை இழுத்தேன். தங்கச்சிக்குத் தைத்த பச்சைப் பூப்போட்ட கவுனை அவள் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அப்புறம் எப்படி மாட்டேன் என்பது?

நல்ல கூட்டம். பட்டம், பலூன், ஐஸ்கிரீம் வண்டி, மணலில் மேடை. அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகவே நடந்தாள். நான் விரிப்பில் உட்கார்ந்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வருகிற முகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு. பிறகு முதுகு வலித்தது, ஒருக்களித்துப் படுத்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, நெட்டை என் தோளை உலுக்கியதுதான். வெயில் சாய்ந்திருந்தது. மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றேன்.

"முடிஞ்சே போச்சு. ரெண்டு மணி நேரம் தூங்கியிருக்க. மேளம் காதுகிட்ட அடிச்சான், நீ அசையல."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"அம்மா விடல."

ஒரு கன்னம் மட்டும் தக்காளியாகச் சிவந்திருக்கிறது. தங்கச்சி பஸ் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். தொட்டால் எரிகிறது.