நீ எழுதிக்கொண்டு போன ஆறு கேள்விகள்

அக்கா,

போன செவ்வாய்க்கிழமை மாமியாரை ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். அவருக்குக் கை நடுக்கம். எங்கள் முறை வர இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். மின்விசிறி ஓடவில்லை. மேஜையில் நோயாளிகளுக்கென்று தமிழில் அச்சடித்த தாள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே இருந்த ஒன்றை விசிறிக்கொள்ளத்தான் எடுத்தேன். தலைப்பு கண்ணில் பட்டதும் கை நின்றுவிட்டது. 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்.'

அடிக்கடி கேட்கப்படுகின்றனவாம். நீ கேட்டபோது யார் காதிலும் விழவில்லையே அக்கா.

உனக்கு முதலில் வந்தது கண்ணில். எண்பதுகளின் நடுவில், உனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தைய வருஷம். தாம்பரம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாய். வீட்டில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள், "இந்த ரெட் இங்க் ஏன்டி இப்படி வெளுத்துப் போயிருக்கு?" என்று கேட்டாய். நான் பார்த்தேன், பளிச்சென்றுதான் இருந்தது. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தாய். வலது கண்ணுக்கு மட்டும்தான் வெளுப்பு. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். ஒரு மாதத்தில் தானாகவே தெளிந்தது. நாமும் மறந்துபோனோம்.

கல்யாணமாகி நீயும் அத்தானும் அஸ்தினாபுரத்தில் குடியிருந்தபோது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், அரை நாள் பள்ளி முடிந்து நீ ரயிலில் வந்தாய். நான் குரோம்பேட்டை ஸ்டேஷனில் காத்திருந்தேன். நடைமேம்பாலத்தின் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாய். உச்சி வெயில். ஜனங்கள் உன்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

"கால் என்னோடது மாதிரியே இல்லடி. கொஞ்சம் இரு."

"காலைல இதே படியிலதானே ஏறிப் போனே? இப்ப மட்டும் என்ன? எழுந்திரு, எல்லாரும் பார்க்கறாங்க."

அப்படிக் கேட்டது நான்தான். சாயங்காலம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நீ ஒன்றுமே நடக்காதது மாதிரி அடுக்களைக்குள் நடந்து வந்தபோது என் சந்தேகம் உறுதியானது. அத்தான் அதை வாய்விட்டே சொன்னார். "அடுப்புப் பக்கம் போனா கால் வராது. காத்தாட உட்கார்ந்தா வந்துடும். நல்ல கால்!" அம்மா சிரித்து மழுப்பினாள். பிறகு தனியாக உன்னைக் கூப்பிட்டு, "புருஷன் வீட்ல இப்படியெல்லாம் பண்ணாதம்மா" என்றாள்.

அந்தத் தாளில் இதற்குப் பதில் மூன்றே வரி. வெயிலோ வெந்நீரோ அடுப்புச் சூடோ பட்டால் பாதிக்கப்பட்ட நரம்புகள் தற்காலிகமாகத் தளரும். உடம்பு குளிர்ந்ததும் பழையபடி ஆகும். மூன்று வரி அக்கா. அது தெரியாமல் இரண்டு வருஷம் உன்னை நடிக்கிறவளாக்கி வைத்திருந்தோம்.

ஒருவழியாகப் பெரிய டாக்டரிடம் போய், ஸ்கேன் எடுத்து, நோய்க்குப் பெயர் தெரிந்தது. அதையும் அத்தானை வெளியே அழைத்துத்தான் சொன்னார்கள். ஊசி போட்டார்கள், முகம் உப்பியது, கால் கொஞ்சம் தேறியது. அடுத்த முறை போனபோது கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, எண் போட்டு ஆறு கேள்விகள் எழுதிக்கொண்டு போனாய். நானும் கூட வந்திருந்தேன். இது மற்றவர்களுக்கு ஒட்டுமா? எனக்கு ஏன் வந்தது? முழுசாகக் குணமாகுமா? எத்தனை வருஷம் நடப்பேன்? வேலைக்குப் போகலாமா? ஆறாவதுக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தாய். நான் பிள்ளை பெறலாமா, பிள்ளைக்கும் இது வருமா?

அப்போது உனக்கு இரண்டு மாதம்.

டாக்டர் தாளை வாங்கினார். "டீச்சரா? அதான்!" என்று சிரித்தார். படிக்காமலே அத்தானிடம் நீட்டினார். அத்தான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மனசைப் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் டாக்டர், நீ எதிரே உட்கார்ந்திருக்கும்போதே. கர்ப்பத்தைப் பற்றி அத்தான் கேட்டதற்கு, "இந்த நிலைமையில எதுக்கு சார் ரிஸ்க்?" அவ்வளவுதான் அவர் சொன்னது. வீடு வந்து சேர்வதற்குள் அது, "குழந்தைக்கும் வந்துடும்னு டாக்டரே சொல்லிட்டார்" என்று ஆகிவிட்டது.

கலைத்துவிடுவதென்று அத்தானும் அம்மாவும் பேசி முடிவெடுத்தார்கள். உன்னிடம் தேதியை மட்டும்தான் சொன்னார்கள். அத்தானுக்கு அன்றைக்கு ஆபீசில் ஏதோ வேலை. நர்சிங் ஹோமுக்கு உன்னோடு வந்தது நான் மட்டும். பெஞ்சில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"நீ என்னடி சொல்றே?"

"எல்லாரும் நல்லதுக்குத்தானே சொல்றாங்க, அக்கா."

நர்ஸ் உன் பெயரைக் கூப்பிட்டாள். கையை விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாய்.

தாளில் அந்தக் கேள்வியும் இருக்கிறது. கருத்தரிக்கலாமாம், மருத்துவரைக் கலந்து திட்டமிட்டுக்கொண்டால் நல்லதாம். பெற்றவளிடமிருந்து பிள்ளைக்கு நேராக வந்துவிடுகிற நோய் இல்லையாம். அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. தெரியாதவர் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாமாவது இன்னொருவரிடம் போய்க் கேட்டிருக்கலாம்.

அடுத்த வருஷம் அத்தான், "ஒரு மாசம் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று உன்னைப் பெட்டியோடு அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அப்புறம் வெளியூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார் என்று யாரோ சொல்லித்தான் தெரிந்தது. பள்ளியில் மாடி வகுப்பைக் கீழே மாற்றிக் கேட்டாய். ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். முதலில் கைத்தடி, பிறகு சக்கர நாற்காலி, கடைசியில் கட்டில். சர்ச்சிலிருந்து ஜெபம் பண்ண வந்த ஒரு பெண்மணி, "உங்களுக்கு விசுவாசம் போதலை சிஸ்டர்" என்றபோது, "உங்க மூட்டு வலி போயிடுச்சா?" என்று கேட்டாய். அவர் மறுபடி வரவே இல்லை. அந்த வீட்டில் நான் மனசாரச் சிரித்த கடைசி நாள் அது.

என் மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது நீதான். அவளை நீ கொஞ்சும்போதெல்லாம் எனக்கு அறையை விட்டுப் போய்விடத் தோன்றும். பலமுறை போயும் இருக்கிறேன். நீ கவனித்திருப்பாய்.

தொண்ணூற்றைந்து மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஐந்தே நாளில் போய்விட்டாய். துக்கத்துக்கு வந்தவர்கள் உனக்கு விடுதலை என்றார்கள். அத்தான் வரவில்லை. உன் ஆறு கேள்விகள் எந்தச் சட்டையோடு வெளுக்கப் போயினவோ.

நீ யாரையும் குறை சொன்னதில்லை என்று அம்மா இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் நீ இறந்த வருஷத்துக் கோடையில், ஒரு மத்தியானம், ஈரத்துணியால் உன் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ கூரையைப் பார்த்தபடி, கோபமே இல்லாத குரலில் சொன்னாய்:

"அன்னைக்கு பெஞ்சில வச்சு நீ ஒருத்தி வேண்டாம்னு சொல்லியிருந்தா, எழுந்து வந்திருப்பேன்டி. அப்போ எனக்கு நடக்க முடிஞ்சுது."

 துணியைப் பிழிந்து அடுத்த காலைத் துடைத்தேன்.